அடுத்த தவணையும் கேளுங்கள்

தலவாக்கலைப் பக்கத்துத் தோட்டமொன்றிலிருந்து ஒரு தாய் எழுதியிருக்கிறார். பெயரையும் தோட்டத்தையும் எடுத்துவிட்டு, கடிதத்தைச் சுருக்கித் தருகிறேன்.

"வணக்கம் டீச்சர். நான் கொழுந்து எடுக்கிறேன். வீட்டுக்காரர் கொழும்பில் ஒரு கடையில் வேலை, மாதத்துக்கு ஒரு தடவைதான் வருவார். மகளுக்கு 11 வயது, ஆறாம் வகுப்பு. வகுப்பிலேயே இவள்தான் உயரம். போன மாதம் ஸ்கூல் மரதனில் எட்டாம் வகுப்புப் பிள்ளைகளையும் தாண்டி இரண்டாவதாக வந்தாள். அதைப் பார்த்த ஒரு கோச் வீடு தேடி வந்தார். 'மலையில பொறந்த புள்ளைக்கு நுரையீரல் பெருசு, என்கிட்ட விடுங்க, நேஷனல் வரைக்கும் கொண்டு போறேன்' என்றார். வாரத்தில் ஆறு நாள், காலையில் ஒன்றரை மணித்தியாலம், பின்னேரம் இரண்டு மணித்தியாலம் பயிற்சியாம். இப்போதே தொடங்கினால்தான் உண்டாம். நெற்போலையும் டான்ஸையும் விட்டுவிட வேண்டுமாம். அடுத்த வருடம் டவுனில் பெரிய ஸ்கூலில் சேர்த்து ஹொஸ்டலில் விடச் சொல்கிறார். மகள் அந்த இடத்திலேயே 'சரி சேர்' என்றுவிட்டாள். அவள் அப்பா போனில் கேட்டுவிட்டு, பொம்பளப் புள்ளைக்கு இதெல்லாம் வேண்டாம், படிப்பு கெட்டுப்போகும் என்கிறார். மூன்று நாளாக இவள் சரியாகச் சாப்பிடவில்லை.

எனக்குப் பயம் வேறு. மூத்தவன் 13 வயதில் புட்போல் என்று போனான். நன்றாகத்தான் விளையாடினான். முழங்கால் வலிக்குது என்று அடிக்கடி சொல்வான். கள்ளம் பண்ணுகிறான் என்று நாங்களும் சொன்னோம், மாஸ்டரும் சொன்னார். 15 வயதில் ஒரு நாள் பூட்ஸைக் கழற்றி அடுப்படி மூலையில் போட்டவன்தான், அதற்குப் பிறகு பந்தைத் தொடவில்லை. படிப்பிலும் மனம் போகவில்லை. இப்போது 17, அப்பாவோடு கடையில் நிற்கிறான். பூட்ஸ் இன்னும் அதே மூலையில் கிடக்கிறது. 11 வயதுப் பிள்ளை எடுக்கிற முடிவை நம்பலாமா டீச்சர்? இன்னொன்று: சப்பாத்து வாங்க இப்போது கையில் காசில்லை. வெறுங்காலோடு ஓடினால் பரவாயில்லையா?"

தங்கச்சி,

நீங்கள் எழுதிய முழுக் கடிதத்தில் மகளைப் பற்றி ஒரு பக்கம் இருந்தது, மகனைப் பற்றி இரண்டரைப் பக்கம். கேள்வி மட்டும் மகளைப் பற்றியது. அதனால் இரண்டு பேருக்கும் சேர்த்தே பதில் எழுதுகிறேன்.

நம்பலாம். 11 வயதுப் பிள்ளைக்குத் தனக்கு எது பிடிக்கும் என்று நன்றாகவே தெரியும். 15 வயதிலும் அது பிடிக்குமா என்பது மட்டும் தெரியாது. அது உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது, அந்தக் கோச்சுக்கும் தெரியாது. ஆகவே அவள் சொன்ன 'சரி'யை இந்தத் தவணைக்கான சரியாக எடுத்துக்கொள்ளுங்கள். தவணை முடிந்து விடுமுறை விடும்போது மறுபடி கேளுங்கள். அடுத்த தவணை முடிவிலும் கேளுங்கள். 'போதும்மா' என்று ஒரு தடவை சொன்னால், ஏன் எதற்கு என்று குடையாமல் விட்டுவிடுங்கள்.

கோச் கேட்டிருப்பது வேறு. பிள்ளை ஓட ஆசை என்றாள். அவர் ஸ்கூல் மாற்றம், ஹொஸ்டல், நேஷனல் என்று ஆறேழு வருடத்துக்கு முடித்துவிட்டார். கடலை வாங்கக் கடைக்குப் போன பிள்ளையின் தலையில் கடையையே கட்டிவிட்ட மாதிரி.

மகன் விஷயத்திலும் அதுதான் நடந்திருக்கிறது என்று நினைக்கிறேன். 13 வயதில் 'வெளையாடுறியா?' என்று கேட்டிருப்பீர்கள், 'ஆமா' என்றிருப்பான். அந்த ஒரு ஆமாவை வைத்துக்கொண்டு இரண்டு வருடம் போய்விட்டது. இடையில் யாரும் திரும்பக் கேட்கவில்லை. அவனாக வாய் திறந்து வலிக்குது என்றபோதும் கேட்கவில்லை. கடைசியில் பூட்ஸைக் கழற்றிப் போட்டுத்தான் பதில் சொன்னான். விளையாட விட்டதில் உங்கள் மேல் ஒரு தப்பும் இல்லை.

எனக்கும் இது முதலிலேயே தெரிந்திருக்கவில்லை. ஹட்டன், நோர்வூட் பக்கத்துப் பாடசாலைகளில் 27 வருடம் உடற்கல்வி ஆசிரியையாக இருந்தேன். முதல் ஏழெட்டு வருடம் நானும் ஒரு தடவைதான் கேட்பேன். அப்போது 400 மீற்றர் ஓடுகிற பிள்ளை ஒருத்தி இருந்தாள். மழையிலும் வருவாள், அட்டை கடித்துக் காலில் இரத்தம் வடிய வருவாள். மற்றப் பிள்ளைகளுக்கு அவளைத்தான் உதாரணம் காட்டுவேன். வலய மட்டப் போட்டிக்கு இரண்டு கிழமை இருக்கும்போது ஒரு நாள் வரவில்லை, மறுநாளும் வரவில்லை. அவள் இருந்த லயத்துக்கு, தோட்டத்து வரிசை வீட்டுக்கு, தேடிப் போனேன். வாசலில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தவள் என்னைக் கண்டதும் சுளகைக் கீழே வைத்துவிட்டு எழுந்து நின்றாள்.

"ஏன் வரல?"

"எனக்குப் பிடிக்கல டீச்சர்."

"எப்ப இருந்து?"

"போன வருசத்துல இருந்து."

"அப்புறம் ஏன் வந்த?"

"நீங்க கோவிச்சுக்குவீங்கன்னு."

ஒரு வருடம் முழுக்க என் கோபத்துக்குப் பயந்து ஓடியிருக்கிறாள். அதைத்தான் நான் ஆர்வம், விடாமுயற்சி என்று மற்றவர்களுக்குக் காட்டிக்கொண்டிருந்தேன். அன்றைக்கு லயத்திலிருந்து இறங்கி வரும்போது எனக்குக் கால் ஓடவில்லை.

அதற்குப் பிறகு ஒவ்வொரு தவணையின் கடைசிப் பயிற்சி நாளிலும் பிள்ளைகளை மைதான ஓரத்தில் உட்காரவைத்து, அடுத்த தவணை யார் யார் வருகிறீர்கள் என்று கேட்பேன். வராதவர்களிடம் எல்லார் முன்னாலும் காரணம் கேட்க மாட்டேன். விலகிய பிள்ளை திரும்பி வந்தால் ஒன்றும் பேசாமல் சேர்த்துக்கொள்வேன். முதல் தடவை கேட்டபோது பாதிப் பேர் போய்விடுவார்கள் என்று பயந்தேன். மூன்று பேர்தான் போனார்கள். அதில் ஒருத்தி அடுத்த தவணையே வந்து நின்றாள்.

வீட்டில் கேட்பதற்கும் ஒரு விதம் இருக்கிறது. எதிரே உட்காரவைத்து 'ஓடப் போறியா இல்லையா, முடிவாச் சொல்லு' என்றால், பிள்ளை உங்கள் முகத்தைப் பார்த்து, அதில் என்ன எழுதியிருக்கிறதோ அதைச் சொல்லும். பீலியில் தண்ணீர் பிடிக்கும்போதோ ரொட்டிக்கு மா பிசையும்போதோ, கை வேலையில் இருக்கையில் பேச்சுவாக்கில் கேளுங்கள். 'நேத்து ஓடுறப்ப எந்த எடம் நல்லா இருந்துச்சு?' என்று கேட்டுப் பாருங்கள். 'கோயில் வளைவு தாண்டி எறக்கம் வரும்ல, அங்க காத்து மூஞ்சில அடிக்கும்' என்று சொல்கிற பிள்ளைக்கு ஓட்டம் பிடித்திருக்கிறது. 'சேர் நல்லா ஓடுறேன்னு சொன்னாரு' என்றால் அவளுக்குப் பிடித்தது பாராட்டு. அதுவும் குற்றமில்லை, பாராட்டு நின்ற நாளில் ஓட்டமும் நின்றுவிடும், அவ்வளவுதான். சிநேகிதி போகிறாள் என்று வருகிற பிள்ளைகள் உண்டு. பஸ்ஸில் டவுனுக்குப் போகலாம் என்று வருகிறவர்கள் உண்டு. என்னிடம் ஒரு பையன், பயிற்சி முடிந்ததும் கொடுக்கிற பணிஸுக்காகத்தான் வருகிறேன் என்று ஒளிக்காமல் சொன்னான். ஐந்து வருடம் ஓடினான். பணிஸ் நல்ல காரணம்தான்.

மூன்று நாள் சாப்பிடாமல் இருந்ததை ஓட்டத்தின் மேலுள்ள வெறி என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். தன்னைத் தேடி ஒருவர் வீட்டுக்கே வந்தது அவள் வாழ்க்கையில் அதுதான் முதல் தடவையாக இருக்கும். அன்று ராத்திரியே அப்பா போனில் இரண்டு வார்த்தையில் முடித்துவிட்டார். அவளிடம் யாரும் ஒன்றும் கேட்கவில்லை. அந்தக் கோபமாகவும் இருக்கலாம்.

இனி கோச். அவரைக் கெட்ட மனிதர் என்று நான் சொல்லவில்லை. திறமையைக் கண்டு மலையேறி வந்த ஆளுக்கு முதலில் ஒரு தேத்தண்ணி கொடுக்கலாம். ஆனால் கணக்கைப் பாருங்கள். நாளைக்கு மூன்றரை மணித்தியாலம் என்றால் ஆறு நாளைக்கு 21 மணித்தியாலம். விளையாட்டு மருத்துவர்கள் சொல்கிற எளிய அளவு ஒன்று இருக்கிறது: பிள்ளைக்கு எத்தனை வயதோ, வாரத்துக்கு அத்தனை மணித்தியாலத்துக்கு மேல் ஒழுங்கான பயிற்சி கூடாது. உங்கள் மகளுக்கு அது 11. கோச் கேட்பது கிட்டத்தட்ட இரண்டு மடங்கு, அதுவும் பாடசாலைக்கு ஏறி இறங்குகிற நடையைச் சேர்க்காமல். ஒரே விளையாட்டில் முழுசாக இறங்குவதை 15, 16 வயது வரை தள்ளிப்போடுங்கள் என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவர் கழகம் 2016 இல் சொன்னது. வாரத்துக்கு ஒன்றிரண்டு நாள் ஓய்வு, வருடத்தில் எல்லாமாகக் குறைந்தது மூன்று மாதம் அந்த விளையாட்டே வேண்டாம் என்றும் சொன்னது. நம்மூர்க் கணக்கில் இதைத் தவணை விடுமுறையில் பயிற்சி கிடையாது என்று வைத்துக்கொள்ளுங்கள். பெரியம்மா வீட்டுக்குப் போகட்டும், மரம் ஏறட்டும்.

'இப்போதே தொடங்கினால்தான்' என்ற பேச்சு ஜிம்னாஸ்டிக் மாதிரி ஒன்றிரண்டு விளையாட்டுக்குப் பொருந்தும். தூர ஓட்டத்துக்குப் பொருந்தாது. நம் பாடசாலைகளில் மூன்று கிலோமீற்றர் ஓடினாலும் மரதன், ஐந்து ஓடினாலும் மரதன். உண்மையான மரதன் 42.195 கிலோமீற்றர். உலகப் போட்டிகளில் 20 வயதாகும் ஆண்டுக்கு முன்னால் ஒருவரையும் அதில் இறங்க விடுவதில்லை. உங்கள் மகளுக்கு இன்னும் ஒன்பது வருடம் இருக்கிறது.

முத்தையா முரளிதரனை எல்லாரும் உதாரணத்துக்கு இழுப்பார்கள், நானும் இழுக்கிறேன். கட்டுகஸ்தோட்டை புனித அந்தோனியார் கல்லூரியில் அவர் முதலில் மிதவேகம்தான் வீசினார். 14 வயதில், பயிற்றுநர் சுனில் பெர்னாண்டோ சொல்லித்தான் சுழலுக்கு மாறினார். பிறகு டெஸ்டில் 800 விக்கெட். 11 வயதில் யாராவது அவரிடம் 'நீ மிதவேகம்தான், மற்றதெல்லாம் விட்டுவிடு' என்று எழுதி வாங்கியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? இதோடு இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் நியாயமில்லை. கண்டியில் அவர் அப்பாவுக்குப் பிஸ்கட் தொழில் இருந்தது. கிரிக்கெட் கைவிட்டிருந்தாலும் அந்த வீட்டுப் பிள்ளை நடுத்தெருவில் நின்றிருக்காது. லயத்துப் பிள்ளைகளுக்கு முரளியைக் காட்டுகிறவர்கள் இந்தப் பகுதியைச் சொல்வதில்லை. நேஷனல், அதற்கு மேல் என்று வீட்டுக் கணக்குப் போடவும் வேண்டாம். இலங்கை ஒலிம்பிக்கில் இதுவரை வாங்கியது இரண்டே பதக்கம்: 1948 லண்டனில் டங்கன் வைட், 2000 சிட்னியில் சுசந்திகா ஜயசிங்க.

நெற்போலை விடவே வேண்டாம். பாய்வது, சட்டென்று நிற்பது, பக்கவாட்டில் திரும்புவது எல்லாம் அதில்தான் வரும், கணுக்கால் பலப்படும். தவிர, வகுப்பிலேயே உயரமான பிள்ளை என்கிறீர்கள். 2018 இல் இலங்கை ஆசிய நெற்போல் கிண்ணத்தை வென்றபோது கோல் மேல் கோல் போட்ட தர்ஜினி சிவலிங்கம் உயரத்துக்கே பெயர் போனவர், யாழ்ப்பாணத்துத் தமிழ்ப் பெண். உங்கள் மகளின் விளையாட்டு ஓட்டமா நெற்போலா என்று இப்போதே யாருக்குத் தெரியும்? டான்ஸும் இருக்கட்டும்.

நுரையீரல் கதைக்கு அதிகம் மயங்காதீர்கள். உயரமான இடத்தில் பயிற்சி எடுக்க விரும்பும் ஓட்டக்காரர்கள் வழக்கமாக 2,000 மீற்றருக்கு மேலே போகிறார்கள். நுவரெலியாவே 1,868 மீற்றர்தான், தலவாக்கலை சுமார் 1,200. நம் பிள்ளைகளுக்குக் கால் பலம் இருப்பது உண்மை, தினமும் மேடு ஏறி இறங்குவதால் வந்தது அது.

அந்த உயரத்தைப் பற்றி இன்னொரு விஷயம். 11 வயதில் உயரமாக இருக்கிற பெண் பிள்ளை பெரும்பாலும் மற்றவர்களைவிட முந்தி வளரத் தொடங்கியவள். இப்போது கால் நீளத்தால் ஜெயிப்பாள். 13, 14 வயதில் மற்றவர்கள் எட்டிப் பிடிப்பார்கள். இவளுக்கு உடம்பு வாகு மாறும், இடுப்பு அகலும், நேரம் குறையாமல் ஒரே இடத்தில் நிற்கும், சில மாதம் பின்னுக்கும் போகும். அது உடம்பு செய்கிற வேலை. வீட்டிலும் மைதானத்திலும் இதைச் சொல்லிவைக்காவிட்டால், 'நான் முடிஞ்சு போனேன்' என்று பிள்ளை நினைத்துவிடும். கோச் அந்த நேரத்தில் பயிற்சியை இரட்டிப்பாக்குவார், அல்லது வேறு பிள்ளையைத் தேடிப் போவார்.

அதே வயதில்தான் நம் வீடுகளில் இன்னொன்றும் நடக்கும். பிள்ளை பெரியவளாவாள், தண்ணீர் ஊற்றுவோம், சடங்கு வைப்போம், பந்தல் போட்டு ஊரைக் கூப்பிடுவோம். நல்ல விஷயம், வையுங்கள். பந்தலைப் பிரிக்கும்போது பிள்ளையின் ஓட்டத்தையும் சேர்த்துப் பிரித்துவிடுவார்கள். நான் அப்படி இழந்த பிள்ளைகள் நிறையப் பேர். யாரும் போகாதே என்று சொல்லியிருக்க மாட்டார்கள், 'இனி என்ன ஓட்டம்' என்று ஒரு பாட்டி சொன்னது போதும். உங்கள் வீட்டில் அந்த வார்த்தைக்கு யார் பதில் சொல்வது என்று இப்போதே நீங்களும் கணவரும் பேசி வையுங்கள். மாதவிலக்கு நாளில் ஓடலாமா என்றால், முடிந்தால் ஓடலாம், முடியாவிட்டால் உட்காரலாம், அதை அவளே சொல்லட்டும். தொடங்கிய பிறகு மூன்று மாதத்துக்கு மேல் நின்றுபோனால் பயிற்சியையும் சாப்பாட்டையும் உடனே பார்க்க வேண்டும், டாக்டரிடமும் காட்ட வேண்டும்.

மகனின் முழங்காலுக்கு வருகிறேன். முழுக் கடிதத்தில் ஒரு வரி எழுதியிருந்தீர்கள், 'சிரட்டைக்குக் கீழே சின்னப் புடைப்பு, இப்பவும் இருக்கு' என்று. நான் டாக்டர் இல்லை, பார்க்காமல் நோய்க்குப் பெயர் சொல்லக் கூடாது. ஆனால் மைதானத்தில் இதை நிறையப் பார்த்திருக்கிறேன். 10 முதல் 15 வயதுக்குள், வேகமாக வளர்கிற காலத்தில், ஓடிக் குதிக்கிற பிள்ளைகளுக்கு அந்த இடத்தில் வலி வருவது சாதாரணம். ஒஸ்கூட் ஷ்லாட்டர் என்பார்கள். அங்கே எலும்பு இன்னும் முழுசாகக் கெட்டிப்பட்டிருக்காது. ஒவ்வொரு உதையிலும் தொடைத் தசை அந்த இடத்தைப் பிடித்து இழுக்கிறது. பயிற்சியைக் குறைத்து ஓய்வு கொடுத்தால் பெரும்பாலும் சரியாகும், வளர்ச்சி நின்றதும் வலி நிற்கும், சிலருக்குப் புடைப்பு மட்டும் தங்கிவிடும். வெளியில் வீக்கம் பெரிதாகத் தெரியாததால் கள்ளம் என்று நினைத்துவிடுகிறோம். நானும் ஒரு பையனை 'கள்ளம் பண்ணாத' என்று சொல்லி மைதானத்தை நாலு சுற்று ஓடவிட்டிருக்கிறேன். கடைசிச் சுற்றில் அவன் ஒரு காலை இழுத்து இழுத்து வந்தது இன்னும் கண்ணில் நிற்கிறது.

மகனிடம் இதைச் சொல்லுங்கள். 'ஒனக்கு அப்ப உண்மையாவே வலிச்சிருக்கு, நாங்கதான் நம்பல.' இவ்வளவு போதும். அழுது மன்னிப்புக் கேட்க வேண்டாம், திரும்ப விளையாடு என்று சொல்லவும் வேண்டாம். போனில் சொல்லாதீர்கள், கடையில் ஆட்கள் நிற்கும்போது அவனால் ஒன்றும் பேச முடியாது. தீபாவளிக்கு வருவானே, அப்போது. வலி இன்னும் இருந்தால் ஆஸ்பத்திரியில் காட்டுங்கள். படிப்பு போனதற்கு முழுக் காரணமும் புட்போல்தான் என்று கணக்கை மூடிவிடாதீர்கள். 15 வயதில் ஒரு பிள்ளை சொன்னதை வீட்டிலும் மைதானத்திலும் ஒருவரும் நம்பவில்லை என்றால், புத்தகத்தில் மட்டும் எப்படி மனம் போகும்?

மகளுக்கும் இதே விதிதான். ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப வலி, நொண்டல், ராத்திரி தூக்கத்தைக் கெடுக்கிற வலி, வீக்கம் என்று ஏதாவது இருந்தால் அன்றைக்கே ஓட்டத்தை நிறுத்திவிட்டு டாக்டரிடம் போங்கள். குதிகாலிலும் கவனம் வேண்டும், அந்த வலி எட்டு ஒன்பது வயதிலேயே தொடங்கிவிடும்.

ஓடத் தொடங்குமுன் ஒரு இரத்தப் பரிசோதனை செய்துவிடுங்கள். தோட்டப்புறத்தில் இரத்தச்சோகை நமக்குப் புதிதில்லை. அது இருக்கிற பிள்ளைக்கு மூச்சு வாங்கும், சீக்கிரம் களைக்கும், மைதானத்தில் சோம்பேறி என்று பெயர் வாங்கும். தேயிலையைப் பறித்துப் பிழைக்கிற நாமே இதைச் சொல்வது ஒரு மாதிரித்தான் இருக்கிறது, ஆனால் சாப்பாட்டோடு சாயத்தண்ணி குடித்தால் சாப்பாட்டிலுள்ள இரும்புச்சத்தை உடம்பு எடுக்காமல் அந்தச் சாயம் தடுத்துவிடும். ரொட்டி, சம்பல், கையோடு ஒரு கோப்பைத் தேத்தண்ணி என்பதுதான் நம் காலைச் சாப்பாடு. அவளுக்கு மட்டுமாவது தேத்தண்ணியை ஒரு மணித்தியாலம் தள்ளிக் கொடுங்கள். கவுப்பி, பருப்பு, கீரை, நெத்தலி, முடிந்த நாளில் முட்டை. கூடவே ஒரு கொய்யாவோ, எலுமிச்சை பிழிந்த சம்பலோ இருந்தால் இரும்புச்சத்து நன்றாகச் சேரும். இரும்பு மாத்திரையை டாக்டர் சொல்லாமல் கொடுக்காதீர்கள்.

உங்கள் கணவரோடு 'பொம்பளப் புள்ள' என்ற வார்த்தையில் சண்டை பிடிக்க வேண்டாம், அது முடியாது. அவர் பயம் என்னவென்று பிரித்துக் கேளுங்கள். விடியற்காலை ஐந்தரைக்கு, முன்னால் போகிறவர் தெரியாத மூடுபனியில், தோட்டத்து ரோட்டில் பிள்ளை தனியாக ஓடுவதா என்று அவர் கேட்டால், நானும் அவர் பக்கம்தான். தெருநாய் இருக்கிறது, நம் பக்கம் சிறுத்தை நடமாட்டமும் இருக்கிறது. நீங்களோ அந்த நேரம் பிரட்டுக்கு, வேலைக்குப் பேர் பதிய, புறப்படுகிறவர், கூடப் போக முடியாது. ஆகவே காலைப் பயிற்சி கிடையாது. பாடசாலை விட்டதும் அங்கேயே, வாரத்தில் மூன்று நாள், ஒரு மணித்தியாலம், வெளிச்சத்தோடு வீடு. மிச்ச நாளில் நெற்போல். இப்படிச் சொன்னால் படிப்புக்கும் பதில் வந்துவிடும், சாதாரண தரப் பரீட்சைக்கு இன்னும் ஐந்து வருடம் இருக்கிறது. அப்புறம் அவருக்கும் ஒரு வேலை கொடுங்கள். ஞாயிற்றுக்கிழமை போன் எடுக்கும்போது, அந்த வாரம் எத்தனை நாள் ஓடினாள், எங்கே வலித்தது, எது நன்றாக இருந்தது என்று மகளிடமே கேட்டு ஒரு கொப்பியில் எழுதட்டும். தூரத்தில் இருக்கிற அப்பாமார் வேண்டாம் என்று சொல்வதற்குப் பாதிக் காரணம், வேறு எதையும் சொல்ல அவர்களுக்கு இடம் கொடுக்காததுதான்.

கோச்சிடம் நேரில் போய்ப் பேசுங்கள், பாடசாலை விளையாட்டு ஆசிரியரையும் கூட வைத்துக்கொள்ளுங்கள். மூன்று நாள்தான், நெற்போலை விடமாட்டாள், ஹொஸ்டல் இப்போது இல்லை என்று சொல்லுங்கள். 'சரிம்மா, அப்படியே தொடங்குவோம்' என்றால் நல்ல மனிதர். 'அப்ப இவளால ஒண்ணும் ஆகாது' என்றால் அவர் தேடி வந்தது உங்கள் மகளை இல்லை, ஒரு மெடலை. பயிற்சியில் இன்னும் பிள்ளைகளும் ஒரு பெண் ஆசிரியையோ தாயோ இருக்க வேண்டும். தனியாக வாகனத்தில் ஏற்றிப் போவது, பிள்ளையின் போனுக்கு நேரடியாக மெசேஜ் அனுப்புவது, 'வீட்ல சொல்லாத' என்பது, இதில் ஒன்று நடந்தாலும் பயிற்சியை நிறுத்திவிடுங்கள். தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபையின் 1929 என்ற இலக்கத்தை மகளுக்கும் சொல்லிக்கொடுங்கள். எல்லாக் கோச்சும் அப்படி என்று சொல்லவில்லை. எல்லாரிடமும் இதே விதியைப் போட்டால் நல்ல கோச் கோவித்துக்கொள்ள மாட்டார்.

கடைசியாகச் சப்பாத்து. புல் மைதானத்தில், கல், கண்ணாடித்துண்டு இல்லையென்று பார்த்துவிட்டு, வெறுங்காலோடு ஓடலாம், இந்த வயதில் ஒன்றும் ஆகாது. கல் ரோட்டில் வேண்டாம். ஏற்பூசி (டெட்டனஸ் ஊசி) போட்டிருக்கிறதா என்று கிளினிக் அட்டையில் பார்த்துக்கொள்ளுங்கள். வாரத்தில் மூன்று நாளைக்கு ஸ்கூலுக்குப் போடுகிற கன்வஸ் சப்பாத்தே போதும், பெருவிரலுக்கு முன்னால் ஒரு விரல் அகலம் இடம் இருந்தால் சரி. 'வளர்ற புள்ள' என்று இரண்டு அளவு பெரிதாக வாங்கிப் பஞ்சு அடைக்காதீர்கள், குதிகால் தேய்ந்து கொப்பளம் போடும். மழையில் நனைந்தால் அடுப்போரம் வைக்க வேண்டாம், பசை விட்டுவிடும். உள்ளே பழைய பேப்பரைத் திணித்து வைத்தால் காலையில் ஓரளவு காய்ந்திருக்கும்.

மூத்தவனின் பூட்ஸை இவளுக்குக் கொடுக்கலாமா என்று யோசித்தால், வேண்டாம். அடியில் பல் வைத்த பூட்ஸ், ரோட்டில் ஓட ஆகாது, அளவும் பெரிது. எடுத்துத் தூக்கிப் போடவும் வேண்டாம். தீபாவளிக்கு வரும்போது, அதை என்ன செய்வது என்று அவனிடமே கேளுங்கள்.